அந்த மஞ்சள் தகடு ஒட்டு வேலை அன்று
நீலச் சாம்பல் மார்பும் கறுப்புத் தலையும் பெரிய அலகும் கொண்ட டூக்கான் பறவையின் படத்தில், அலகின் மேல் தெரியும் மஞ்சள் கட்டம் கணினியில் ஒட்டப்பட்டது என்றும், அப்படியொரு பறவையே இல்லை என்றும் நண்பர் ஒருவர் கூறியுள்ளார். பார்த்தவுடன் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்தத் தகடு உண்மையானது. ஈக்வடார், தென்மேற்குக் கொலம்பியா ஆகிய இடங்களில், ஆண்டீஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவிலுள்ள ஈரம் மிகுந்த மேகக் காடுகளில் வாழும் இந்த மலை டூக்கானை 1851-இல் ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்ட் அறிவியல் உலகுக்கு விவரித்தார். அவர் வைத்த 'லாமினிரோஸ்ட்ரிஸ்' என்ற பெயருக்கே 'தகட்டு அலகு' என்றுதான் பொருள். அன்று கணினி ஏது?

ஐயம் உள்ளவர்கள் 'ஆண்டிஜீனா லாமினிரோஸ்ட்ரிஸ்' என்ற இதன் அறிவியல் பெயரை, பறவை ஆர்வலர்கள் தங்கள் பதிவுகளைப் பகிரும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் தேடி, வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு நபர்கள் எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேல் அலகின் இரு பக்கங்களிலும், அடிப்பகுதியின் கருஞ்சிவப்பை ஒட்டி, ஏறக்குறைய செவ்வக வடிவில் அதே தகடு எல்லாப் படங்களிலும் இருக்கும். பெரிதாக்கினால் அது சற்று மேடாக நிற்பதும் தெரியும்.