‘இனி இவர்தான் உன் அப்பா’ என்று சொல்லாதீர்கள்

மறுமணம் செய்துகொள்ளும் தாய் தன் குழந்தையிடம் “இனி இவர்தான் உன் அப்பா” என்று சொல்வது நல்லெண்ணத்தால்தான். ஆயினும் குழந்தையை முதலில் காயப்படுத்துவது அந்த வாக்கியமே என்பது, ஆறு வயதில் அதைக் கேட்டவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து. என் தந்தை இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வந்தவர் அன்பானவர், அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ‘அப்பா’ என்ற சொல்லை அவருக்குக் கொடுத்துவிட்டால், இறந்தவரை எந்தச் சொல்லால் நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் பல மாதங்கள் வந்தவரை எந்தச் சொல்லாலும் அழைக்காமல், அருகில் போய் நின்று அவர் திரும்பிப் பார்த்த பிறகே பேசினேன்.

பெரியவர்கள் இதைப் பிடிவாதம் என்கிறார்கள். 2 முதல் 7 வயது வரையிலான குழந்தை எதையும் தன்னை மையமாக வைத்தே புரிந்துகொள்கிறது என்று உளவியலாளர் பியாஜே விளக்கியிருக்கிறார். ஆகவே, பெற்றோர் பிரிந்ததற்குத் தன் குறும்பே காரணம் என்று அது நம்பக்கூடும். “உன்னால் அல்ல” என்பதை ஒருமுறை அல்ல, பலமுறை சொல்லவேண்டியிருக்கும். மணமுறிவு நடந்த வீடுகளில் இன்னொன்றும் உண்டு: அம்மாவும் அப்பாவும் என்றாவது சேர்ந்துவிடுவார்கள் என்று குழந்தை கட்டிவைத்திருந்த நம்பிக்கை, மறுமண நாளில்தான் முற்றாக உடைகிறது. அன்று அது அழுதால் பொறாமை என்று எண்ணிவிடாதீர்கள். நின்றுபோன பிறகு மீண்டும் படுக்கையை நனைப்பதும், விட்டுவிட்ட விரல் சூப்பும் பழக்கம் திரும்புவதும் அந்தத் துயரத்தின் மொழியாக இருக்கலாம். தண்டிப்பதால் அவை நிற்பதில்லை.

புதிய குடும்பம் ஒன்றுபட எவ்வளவு காலம் ஆகும்? மறுமணக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா பேப்பர்நவ், விரைவாக ஒன்றுபடும் குடும்பங்களுக்கே ஏறத்தாழ 4 ஆண்டுகள் ஆகின்றன என்கிறார். பலருக்கு 7 ஆண்டுகளும் அதற்கு மேலும். மூன்றாம் மாதத்திலேயே “இன்னும் ஒட்டவில்லையே” என்று கவலைப்படுபவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

தொடக்க ஆண்டுகளில் கண்டிக்கும் பொறுப்பு பெற்றவரிடமே இருக்கட்டும். உறவு வேரூன்றும் முன்பே புதியவர் அதட்டத் தொடங்கினால், வேரே பிடிக்காமல் போய்விடும். அதைவிட முக்கியமாக நான் கருதுவது, திருமணத்திற்குப் பிறகும் பெற்றவர் குழந்தையோடு தனியாக, புதியவர் உடனில்லாமல், நாள்தோறும் சற்று நேரம் இருப்பதைத்தான். தன் பங்கு குறைந்துவிட்டதோ என்ற அதன் அச்சம் அந்த நேரத்தில்தான் தணிகிறது. இறந்தவரின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றவும் வேண்டாம்.

என் தந்தையின் படத்தை எங்கள் வீட்டில் யாரும் கழற்றவில்லை. ஒரு மாலையில் வந்தவர் என்னருகே அமர்ந்து, “என்னை எப்படிக் கூப்பிட்டால் உனக்குச் சரியாக இருக்கும்?” என்று கேட்டார். நீண்ட நேரம் யோசித்து ‘மாமா’ என்றேன். சரி என்றார். அன்று இரவுதான் முதன்முதலாக அவரை ‘மாமா’ என்று அழைத்துத் தண்ணீர் கேட்டேன்.