ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டுப் பேசுங்களேன்

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. பாஸ்டனில் எங்கள் லேபில் நானும் அக்காவும் மட்டும். அவர் லேப்டாப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு நொறுக்குத்தீனிப் பாக்கெட் நிமிர்ந்து நிற்கிறது. பெயர் குவாய் குவாய். தேங்காய் வாசம் போட்ட சோளப் பஃப். தைவானில் சர்வர் அறை, ஆய்வகம், எங்கே போனாலும் மெஷின் தலையில் இது ஒன்று உட்கார்ந்திருக்கும். 'குவாய்' என்றால் சொன்ன பேச்சு கேட்பது. பச்சைதான் வைக்க வேண்டும், மஞ்சள் வைத்தால் மெஷின் முரண்டு பிடிக்கும். காலாவதி ஆகியிருக்கக் கூடாது. பிரித்துத் தின்றுவிடவும் கூடாது. ஆயுத பூஜைக்கு லேத் மெஷினுக்குப் பொட்டு வைத்து வளர்ந்த எனக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அன்றைக்கு வேண்டுதல் வைஃபைக்கு. தைபேயில் சனிக்கிழமை காலை ஒன்பது மணி. கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் வித்தியாசம், கடிகார முள்ளைத் திருப்பவே வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் தைவான் ஆய்வாளர்களுக்கான ஆன்லைன் கூட்டம் அது. ஊர் திரும்பி உதவிப் பேராசிரியர் ஆவது எப்படி என்று ஒருவர் பேசப் போகிறார்.

அக்கா என்று நான் சொல்வது தமிழ்நாட்டு அக்கா இல்லை. தைவானில் சின்ச்சு என்ற ஊரில் நான் பிஎச்டி செய்த லேபில் எனக்கு நாலு வருடம் சீனியர். சீனத்தில் 'ஷுவேஜியே', படிப்பில் மூத்தவள் என்று அர்த்தம். என்னை 'ஷுவேதி' என்பார், அதாவது தம்பி. லேபில் அண்ணன் தம்பி முறை கொண்டாடுவதில் அவர்களுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் தோளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இந்த மாதிரிக் கூட்டம் பத்துப் பன்னிரண்டாவது பார்த்திருப்பேன். என் சீனம் அரைகுறை. புரியாததை அவர் சொல்லிவிடுவார்.

எல்லாமே ஒரே அச்சு. முதலில் அறிமுகம். அதில் இரண்டு கதை தவறாமல் வரும். 1985ல் மோரிஸ் சாங் அமெரிக்காவை விட்டுத் தைவான் வந்து தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைவரானார், 1987ல் டிஎஸ்எம்சி என்ற சிப் கம்பெனி பிறந்தது. அது முதல் கதை. இரண்டாவது, 1986ல் வேதியியல் நோபல் வாங்கிய யுவான் லீ, 1994ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தை விட்டு வந்து, தைவானின் தேசிய ஆய்வு நிறுவனமான அகாடெமியா சினிகாவின் தலைவர் ஆனது. இரண்டுமே பெரிய கதைதான், மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், இருவருமே தலைவர் நாற்காலிக்கு வந்தவர்கள். திரையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் முப்பத்தைந்து வயது போஸ்ட்டாக்குக்கு (பிஎச்டி முடித்துத் தற்காலிக ஆய்வு வேலையில் இருப்பவர்) யாரும் நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

அடுத்து ஆய்வாளர்களுக்கான அரசுத் திட்டங்களின் பட்டியல். 2018ல் கல்வி அமைச்சகம் தொடங்கிய யூஷான் திட்டம், அதே வருடம் அறிவியல் அமைச்சகம் கொண்டுவந்த கொலம்பஸ், ஐன்ஸ்டைன் நிதி. யூஷான் என்பது அந்த நாட்டின் உயரமான மலை, 3,952 மீட்டர். பெயர் வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார், ஏறுவது லேசில்லை. அப்புறம் பேச வந்தவரின் சொந்தப் பயணம், கடைசியில் ஆய்வுக் குழுவோடு சிரித்தபடி ஒரு போட்டோ. கேள்வி நேரம் வந்ததும் ஒரே மௌனம். இப்படிச் சத்தமில்லாமல் கிடப்பதைத் தைவான்காரர்கள் 'முங்கு நீச்சல்' என்பார்கள். நூற்றிருபது பேர் முங்கிக் கிடப்பார்கள். மேலே மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருக்கும். ரெக்கார்டிங்.

அந்தப் புள்ளி மேல்தான் எனக்குக் கோபம்.

அன்றைக்கு என்ன ஆயிற்றென்றால், பத்தே முக்காலுக்கு நடத்துபவர் நன்றி சொல்லி ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டார். பாதிப் பேர் போய்விட்டார்கள். பேச வந்த பெண்மணி தெற்குத் தைவானில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர். ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்தார். "இன்னும் யாராவது இருக்கீங்களா? சரி, இப்போ கேளுங்க" என்றார். அப்புறம் இருபத்தைந்து நிமிடம். முந்தின ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கிடைக்காததெல்லாம் அதில் கிடைத்தது.

பத்தொன்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன், நாலு இடத்தில் கூப்பிட்டார்கள், ஒன்று கிடைத்தது என்றார். ஒரு நேர்காணலில் ஆங்கிலத்தில் தயார் செய்து போயிருக்கிறார். மூன்றாவது ஸ்லைடில் "சீனத்திலேயே சொல்லுங்களேன்" என்றார்களாம். ஒன்பது வருடம் வெளிநாட்டில் இருந்ததில் தன் துறைச் சொற்களுக்குச் சீனத்தில் என்ன என்பதே மறந்துவிட்டது. தாய்மொழியில் திக்கித் திக்கிப் பேசினேன் என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அக்கா உடனே ஒரு தாளை எடுத்துக் கலைச்சொற்களை எழுத ஆரம்பித்துவிட்டார்.

சம்பளத்தை யாரோ கேட்டார்கள். அரசுப் பல்கலையில் உதவிப் பேராசிரியருக்கு மாதம் எழுபது, எண்பதாயிரம் தைவான் டாலர், வருடக் கடைசியில் ஒன்றரை மாதப் போனஸ். அக்கா மனக்கணக்குப் போட்டார். அமெரிக்காவில் போஸ்ட்டாக்குக்கு, மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அரசு அமைப்பான என்ஐஎச் 2024ல் வைத்த குறைந்தபட்சமே வருடத்துக்கு 61,008 டாலர். பேராசிரியர் ஆனால் வருமானம் ஏறக்குறைய பாதி! இதைத் தெரிந்துகொண்டு போகிறவர் போகட்டும், யாரும் தடுக்கவில்லை. தெரியாமல் போகக் கூடாது, அவ்வளவுதான். வாரத்துக்கு 9 மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும். முதல் வருடம் லேப் என்று கொடுத்தது ஒரு காலி அறை. வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பல்கலைக்கழகத்தின் வரி எண் அச்சிட்ட ரசீது வாங்கி, அதைத் தாளில் பசை போட்டு ஒட்டி, மேசை மேசையாக முத்திரை வாங்க வேண்டும். இந்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சின்ச்சுவில் நான் ஒட்டிய ரசீதுகளை நீளவாக்கில் வைத்தால் ரயில் நிலையம் வரை போகும்.

ஏன் இதையெல்லாம் முன்னாடியே சொல்லவில்லை? சொல்ல முடியாது. வீடியோ யூடியூபில் ஏறும். அவருடைய துறைத்தலைவர் பார்ப்பார். நிதி விண்ணப்பத்தை மதிப்பிடப் போகிறவரும் பார்ப்பார். அந்தத் துறையில் நாடு முழுக்கச் சேர்த்தே இருபது லேப்தான் இருக்கும், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கேட்பவருக்கும் அதே பாடுதான். "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்ட குரல் ரெக்கார்டில் இருந்தால், நாளைக்கு நேர்காணலில் அதே குரலோடுதானே போய் நிற்க வேண்டும்?

வெளிநாட்டில் இருந்த தைவான் படிப்பாளிகளுக்கு யாரோ கவனிக்கிறார்கள் என்ற எண்ணம் புதிதில்லை. இதை அக்காவின் அப்பா சொல்லிக் கேட்டேன். ராணுவச் சட்டம் 1987 வரை இருந்தது. அமெரிக்க வளாகங்களில் சக மாணவர்களை வேவு பார்த்து ஊருக்கு எழுதிப் போட ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு 'தொழில்முறை மாணவர்' என்று கிண்டல் பெயர். அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் உதவிப் பேராசிரியராக இருந்த சென் வென்-செங் 1981ல் மனைவி, கைக்குழந்தையோடு ஊருக்குப் போனார். ஜூலை 2 அன்று ராணுவக் காவல் தலைமையகம் விசாரணைக்குக் கொண்டுபோனது. மறுநாள் தைவான் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் பிணமாகக் கிடந்தார். வயது 31. அந்தப் பயத்தையும் இந்தக் கூச்சத்தையும் ஒரே தராசில் வைக்க நான் துணிய மாட்டேன். ஆனால் ஊர் திரும்புவது பற்றி வாய்விட்டுப் பேச இவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்த சுதந்திரத்தை, ஒரு பொத்தானை அமுக்க மறந்து வீணாக்குகிறார்களே என்று இருக்கிறது.

எதிர்வாதம் தெரியும். ரெக்கார்ட் செய்யாவிட்டால் ஐரோப்பாக்காரன் என்ன செய்வான்? நியாயம்தான், நாங்கள் பார்க்கும் நேரம் ஜெர்மனியில் விடிகாலை மூன்று மணி. அப்படியானால் உரையை ரெக்கார்ட் செய்யுங்கள், கேள்வி நேரத்தை விட்டுவிடுங்கள். தைபே இரவு ஒன்பதுக்கு இன்னொரு நாள் கேள்வி நேரம் மட்டும் வையுங்கள், ஜெர்மனியில் பிற்பகல் மூன்று, எங்களுக்குக் காலை ஒன்பது. கலிபோர்னியாக்காரர்கள் ஆறு மணிக்கு எழுந்துகொள்ளட்டும், அவர்களுக்கு வெயிலாவது இருக்கிறது.

இன்னொன்று. பேசக் கூப்பிடுவது வேலை கிடைத்தவரை மட்டும். போய்விட்டு மறுபடி கிளம்பி வந்தவரைக் கூப்பிடுவதே இல்லை. வருடா வருடம் ஒப்பந்தத்தில் ஓடுபவரையும் காணோம். பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு ஒரு குழந்தை என்பதற்கும் கீழே போய்விட்டது, மாணவர் இல்லாமல் தனியார் கல்லூரிகள் மூடுகின்றன. இடம் இல்லாமல் திரிபவர்களுக்கு 'நாடோடி முனைவர்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் இருக்கிறது, மேடைதான் இல்லை. ஒரு கூட்டத்தின் பதிவுப் படிவத்தில் "எப்போது திரும்புவீர்கள்?" என்று கேட்டிருந்தார்கள். ஒரு வருடத்தில், மூன்று வருடத்தில், இன்னும் முடிவு செய்யவில்லை. நாலாவது வாய்ப்பு இல்லை. அக்கா அதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் போல தைவானில் பட்டம் வாங்கிய தமிழ்ப் பசங்களுக்கு இந்த அளவுகூடக் கிடையாது என்பதையும் பொறாமையோடு சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு அண்ணன் வாய்ஸ் நோட் அனுப்புவார், அவ்வளவுதான். ஆனால் அந்த வாய்ஸ் நோட்டில் சம்பளம், வாடகை, புரொஃபசர் குணம் எல்லாம் பச்சையாக இருக்கும்.

அடுத்த மாதம் அக்காவையே பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பை அவரே வைத்துக்கொண்டார்: இரண்டு வருடம், இருபத்து மூன்று விண்ணப்பம், இன்னும் கிடைக்கவில்லை. கடைசி அரை மணி நேரம் ரெக்கார்டிங் கூடாது என்று நிபந்தனையும் போட்டிருக்கிறார். கலந்து பேசிச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. பழைய பாக்கெட்டின் தேதி வர ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. சைனா டவுன் கடையில் புதுசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், பச்சைதான்.