காட்டுக்குள் கூச்சல் போடத்தான் வருகிறீர்களா?

மும்பையின் போரிவலி தேசியப் பூங்காவுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து வயிறு எரிகிறது. பெருநகரத்தின் நடுவே சுமார் நூறு சதுர கிலோமீட்டர் மலைக்காடு. அதற்குள் இருக்கும் விகார், துளசி ஏரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இந்த ஊருக்குத் தண்ணீர் தருகின்றன. வேறு எந்த ஊருக்கு வாய்க்கும் இந்தப் பாக்கியம்? அதை நாம் படுத்தும் பாடு இருக்கிறதே!

சயானிலிருந்து எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளை, தாதரில் ரயில் மாற்றி, அவ்வளவு தூரம் அழைத்துப் போனதே இயற்கைத் தகவல் மையத்தைக் காட்டத்தான். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் மட்டுமே தெரியும் பிள்ளைகள் அவர்கள். வழிகாட்டி இளைஞர் சிறுத்தையின் காலடித் தடத்தை விளக்கிக்கொண்டிருந்தார். நாயின் தடத்தில் நகம் பதியும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் பதியாது என்றார். ஒரு சிறுமி தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் மரம் ஏறும்போது நகம் வெளியே வந்துவிடுமா மாமா?" என்று என்னிடம் கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி! நான் அதை இந்தியில் அவரிடம் கேட்பதற்குள், ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டபடி ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. பிள்ளைகளைத் தோளால் ஒதுக்கிவிட்டு செல்ஃபி எடுத்தார்கள். ஒரு வரி கூடப் படிக்கவில்லை. வழிகாட்டி கும்பிட்டுக் கேட்டும் சத்தம் குறையவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார், பிள்ளைகளும்தான்.

வெளியே வந்தால் நம் தமிழ்க் குடும்பம் ஒன்று குரங்குகளுக்குச் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்தது. "அக்கா, தயவுசெய்து கொடுக்காதீர்கள்" என்றேன். "பாவம் தம்பி, வாயில்லாச் சீவன், பசிக்காதா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலையும் பழமும் நிறைந்த காட்டில் அதற்கு எதற்கு உங்கள் உப்பும் எண்ணெயும்? இப்படிப் பழகிய குரங்கு நாளை ஒரு குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும், கடிக்கும். அப்போது கூண்டு வைத்துப் பிடிக்கச் சொல்லி மனு எழுதுவதும் இதே கைகள்தாம்.

மிச்சத்தை அங்கேயே வீசிவிட்டுப் போகிறார்கள். அந்தக் குப்பைக்குத் தெருநாய்கள் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். இந்தக் காட்டோரச் சிறுத்தைகளின் இரையில் நாய்க்குப் பெரிய பங்கு உண்டு என்பது ஆய்வாளர்கள் எப்போதோ சொன்னது. 2004இல் இந்தக் காட்டைச் சுற்றிச் சிறுத்தை தாக்கி எத்தனை பேர் செத்தார்கள், மறந்துவிட்டோமா? பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் இந்த ஊரில் இருக்கின்றன. இதெல்லாம் தெரிந்தும் பிரியாணிப் பொட்டலத்தைப் புதருக்குள் எறிய எப்படி மனம் வருகிறது?

கார்விச் செடியையாவது விட்டுவைத்தார்களா? நம் குறிஞ்சிக்கு உறவு, எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது, விதை விட்டதும் மடிந்துவிடுவது. 2024இல் பூத்தபோது புதருக்குள் புகுந்து மிதித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கொத்தாகப் பறித்துக்கொண்டும் போனார்கள். விதையாக வேண்டிய பூ அது. அடுத்தது 2032.

பாட்டுப் போட்டு ஆட வேண்டுமென்றால் இந்த ஊரில் மண்டபமா இல்லை, ஷாப்பிங் மாலா இல்லை? அங்கே போய் ஆடுங்கள். காட்டுக்கு வந்தால் ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். தின்ற பொட்டலத்தைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். வழிகாட்டி பேசும்போது குறுக்கே நிற்காதீர்கள்; எங்கள் பிள்ளைகள் கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.