கல்லை விட்டுவிட்டுக் குழியைப் பாருங்கள்

கற்காலக் கோடரி கிடைத்தது என்று எங்காவது செய்தி வந்தால் கீழே கருத்துகளில் வரும் முதல் கேள்வி, 'எத்தனை வருஷம் பழசு?' அடுத்தது, 'என்ன விலை போகும்?' எந்த மண்ணில், எத்தனை அடி ஆழத்தில் கிடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்சன் என்றொரு கிராமம். செங்கல்லுக்குக் களிமண் வெட்டிய குழியில், அடியிலிருந்து சக்கிமுக்கிக் கற்கள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்த தழும்பு, முனை கூர், அடிப்பக்கம் உள்ளங்கைக்கு வாகான பருமன். கற்காலக் கைக்கோடரிகள். வேலையாட்கள் கூடை கூடையாக அள்ளிப் பக்கத்து ரோட்டில் வண்டித்தடப் பள்ளங்களில் கொட்டிவிட்டார்கள். (அவர்கள் மேல் தப்பில்லை. பள்ளத்துக்குக் கல் வேண்டும், கல் இருந்தது.)

பழம்பொருள் ஆர்வலர் ஜான் ஃப்ரியர் 1797ல் லண்டன் தொல்பொருள் கழகத்துக்கு இதைக் கடிதமாக எழுதினார். அதில் எனக்குப் பிடித்தது மண் கணக்குதான். மேல்மண் ஒன்றரை அடி, களிமண் ஏழரை அடி, சிப்பி கலந்த மணல் 1 அடி, அதற்கும் கீழே 2 அடிச் சரளை. கற்கள் கிடந்தது அந்தச் சரளையில், சதுர கஜத்துக்கு ஐந்தாறு. இவ்வளவும் மேலே படிந்திருக்கிறது என்றால் காலம் மிக மிகப் பழையது, செய்தவர்கள் உலோகம் அறியாதவர்கள் என்றார். உலகத்துக்கே வயது ஆறாயிரம் என்று பெரும்பாலோர் நம்பிய காலம். யார் காதில் ஏறும்?

அறுபது வருஷம் போயிற்று. 1859ல் பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இதே மாதிரிக் கற்களைப் பார்த்துத் திரும்பிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஜான் எவன்ஸ், அதே கழகத்தில் ஃப்ரியர் கொடுத்த கற்களைக் கண்டு திகைத்தார். அப்புறம்தான் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு. இப்போது அவற்றின் வயது ஏறத்தாழ 4 லட்சம் ஆண்டு என்கிறார்கள். 1863ல் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கைக்கோடரியைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டது இந்த ஐரோப்பியக் கற்களைப் பற்றி அறிந்திருந்ததால்தான்.

இன்றும் இங்கிலாந்தில் உழுத வயலில் பழைய தங்கமோ வெள்ளியோ கிடைத்தால் சட்டப்படி சொல்லியாக வேண்டும். தனியாகக் கிடைக்கும் சக்கிமுக்கிக் கல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, விரும்பினால் பதிவு செய்யலாம், அவ்வளவுதான். இது எனக்குச் சரியாகவே படவில்லை. இணைய ஏலத்தில் ஒரு கோடரி வருகிறது, படம் பளிச்சென்று இருக்கிறது, கிடைத்த இடம் என்ற இடத்தில் வெறும் மாவட்டப் பெயர். எந்த வயல், எந்த மூலை, எத்தனை அடி என்று எழுதாத கல்லுக்கு விலை கொடுக்காதீர்கள் என்பேன்.