பாசி கேப்ஸ்யூல் மூட்டுவாதத்த குணப்படுத்தாது
ஒருத்தர் பழுப்புக் கடல்பாசி கேப்ஸ்யூல் சாப்பிட்டா ருமட்டாய்டு மூட்டுவாதமே போயிடும், அதுக்கு டாக்டர் குடுக்கிற மெத்தோட்ரெக்சேட் மருந்த நிறுத்திடலாம்னு போட்டிருக்காரு, தயவுசெஞ்சு அப்படி பண்ணிடாதீங்க. அந்தப் பாசில இருக்கிற ஃபுகாய்டன்ங்கிற பொருள் வீக்கத்த குறைக்குதுங்கிறது பெரும்பாலும் செல்லுலயும் எலியிலயும் பார்த்ததுதான், முழங்கால், இடுப்பு மூட்டு தேய்மானத்துக்கு தினமும் 300 மில்லிகிராம் வீதம் 12 வாரம் மனுஷங்களுக்கு குடுத்து, 2016ல வந்த ஆய்வுல டம்மி மாத்திரைய விட ஒண்ணும் பெருசா வித்தியாசம் தெரியல. அதுவும் தேய்மானத்துக்கு பண்ணது, ருமட்டாய்டு, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்ட தாக்குறது, வேற வியாதிங்க, அதுல மருந்த விட்டா அரிச்சுப்போன எலும்பு திரும்ப வராது. இயற்கைன்னா சேஃப்னும் இல்ல (பாம்பு விஷம் கூட இயற்கைதான்), ஃபுகாய்டனுக்கு ஹெப்பாரின் மாதிரி ரத்தம் உறையறத தடுக்கிற குணம் உண்டு, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறவங்க டாக்டர்ட்ட கேக்காம தொடாதீங்க, சில பாசில அயோடின் வேற எக்கச்சக்கம், தைராய்டு இருந்தா அதுவும் தொல்லை.