கூரைக்குள் ஒரு பூஜ்யம்

ஆண்டுக் கடைசியில் நடக்கும் ஏடிபி பைனல்ஸ் டென்னிஸ் போட்டியை யார் எத்தனை முறை வென்றார் என்று காட்டும் அந்த அட்டையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இத்தாலியின் டூரினில் சின்னர் ஒரு செட்டைக்கூட விடாமல் அந்தக் கோப்பையைத் தூக்கிய இரவிலிருந்து என் இணையப் பக்கத்தில் பத்து முறையாவது வந்துவிட்டது. ஜோகோவிச் 7, பெடரர் 6, நடால் பெயருக்கு எதிரே கோழிமுட்டை அளவில் ஒரு பூஜ்யம். கீழே விழுந்து விழுந்து சிரிக்கும் மஞ்சள் முகங்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாம் நாள், அதைப் பகிர்ந்தவர்களில் ஒரு பெயரைப் பார்த்த பிறகு முடியவில்லை. அவரிடம் பிறகு வருகிறேன்.

ஏடிபி பைனல்ஸுக்குத் தகுதி பெறுவது எப்படி? ஆண்டு முழுவதும் சேர்த்த புள்ளிகளில் முதல் எட்டுப் பேருக்குள் வர வேண்டும். அந்தப் புள்ளிகளை எங்கே சேர்க்கிறார்கள்? மெல்பர்னில் கடினத் தரை, பாரிசில் செம்மண், விம்பிள்டனில் புல். வெயில், காற்று, தூறல் எல்லாம் உண்டு. நவம்பர் வந்ததும் எட்டுப் பேரையும் ஒரு கூரைக்குள் கூட்டிப்போய்க் கடினத் தரையில் நிறுத்தி, இதில் ஜெயிப்பவன்தான் ஆண்டின் சாம்பியன் என்கிறார்கள். நடால் இந்தப் போட்டியில் 11 முறை ஆடினார். முதல் முறை 2006இல் ஷாங்காய், கடைசி முறை 2022இல் டூரின், நடுவில் லண்டன். ஊர்தான் மாறியது. தரையும் கூரையும் மாறவே இல்லை.

மூன்று தரையில் சம்பாதித்த இடத்துக்கு ஒரு தரையில் பரீட்சை. நான் சொல்வது இவ்வளவுதான். இதை எத்தனை முறை சொன்னாலும் 'அழுகை' என்கிறார்கள்.

'அமெரிக்க ஓபனை நான்கு முறையும் ஆஸ்திரேலிய ஓபனை இரண்டு முறையும் வென்றவருக்குக் கடினத் தரை ஒரு சாக்கா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவை வெளியரங்கில் நடப்பவை. பந்து எகிறும், காற்று வீசும், ஐந்து செட்டில் எதிராளியின் மூச்சைப் பார்த்துக்கொண்டே ஆடலாம். கூரைக்குள் பந்து அவ்வளவு எழாது, காற்றும் கிடையாது; சர்வ் நன்றாகப் போடுகிறவன் ராஜா. உள்ளரங்கக் கடினத் தரையில் நடால் வென்ற பட்டம் வாழ்நாளிலேயே ஒன்றுதான், 2005இல் மாட்ரிட். அதற்குப் பின் கால் பாதத்தில் வலி, அந்த ஆண்டு ஷாங்காயில் ஆடவே முடியவில்லை. சரி, கூரைக்குள் அவர் ஆட்டம் குறைதான். நான் எப்போது இல்லை என்றேன்?

'ஜோகோவிச் எல்லா இடத்திலும் ஜெயித்தாரே?' ஆமாம். ஏழு கோப்பை. கையெடுத்துக் கும்பிடுகிறேன். அடுத்து.

'நவம்பரில் ஐரோப்பாவில் குளிர், வேறு எங்கே நடத்துவது?' ஐயா, ஷ்டுட்கார்ட்டில் பெண்கள் போட்டி ஆண்டுதோறும் செம்மண்ணில், கூரைக்குள்ளேயே நடக்கிறது. மண்ணைக் கொட்ட முடியாத அரங்கம் எதுவும் இல்லை. 2003இலும் 2004இலும் இதே போட்டி ஹூஸ்டனில் திறந்தவெளியில் நடந்தது, யாருக்கும் ஜலதோஷம் பிடித்ததாகத் தெரியவில்லை. இன்னும் பின்னால் போனால், 1974இல் மெல்பர்ன் கூயோங்கில் புல்தரையில் நடத்தினார்கள். வென்றவர் கில்லெர்மோ விலாஸ், செம்மண் ஆட்டக்காரர். 'பார்த்தாயா, செம்மண்காரர் புல்லில் ஜெயித்தாரே, உன் ஆளால் ஏன் முடியவில்லை' என்று இதையே என் பக்கம் திருப்புவீர்கள், தெரியும். திருப்பிக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தரையை மாற்ற மனது இருந்தது என்பதற்குத்தான் சொன்னேன். பாரிசின் செம்மண்ணில் 14 முறை வென்றவருக்காக ஒரே ஒரு நவம்பரில் மண் கொட்டியிருந்தால் குடி முழுகிப் போயிருக்குமா? அப்படிக் கொட்டியிருந்தால் இந்த அட்டையில் பெடரர் பெயருக்கு எதிரே என்ன எண் இருக்கும் என்றும் யோசித்துப் பாருங்கள்.

2019ஐ மட்டும் யாரும் அட்டையில் போடுவதில்லை. லண்டனில் மெட்வெடேவுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 1-5, மேட்ச் பாயிண்ட் வேறு; இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி. அங்கிருந்து மீண்டு ஜெயித்தார். அடுத்து சிட்சிபாஸையும் வென்றார். அந்த ஆண்டின் முதலிடக் கோப்பையும் அதே அரங்கில் அவர் கைக்கு வந்தது. எட்டுப் பேரை இரண்டு பிரிவாக்கி, ஒவ்வொன்றிலும் இருவரைத்தான் அரையிறுதிக்கு எடுப்பார்கள். நடால் பிரிவில் மூன்று பேர் இரண்டு வெற்றிகளோடு சமமாக நின்றதால், கணக்குப் போட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். உலகின் முதல் ஆட்டக்காரர் அரையிறுதிக்குக்கூட இல்லை. இந்தப் போட்டிதான் அளவுகோலாம்.

இப்போது அந்தப் பெயருக்கு வருகிறேன். 2008 ஜனவரி, நுங்கம்பாக்கம் அரங்கம், சென்னை ஓபன் அரையிறுதி. நடாலும் மோயாவும். மூன்று செட், மூன்றும் 6-6 என்று சமமாகி டை-பிரேக்கரில் முடிந்தவை, கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். என் பக்கத்து இருக்கையில் இருந்தவர்தான் இன்று அந்த அட்டையைப் பகிர்ந்த நண்பர். கத்திக் கத்தி இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. கோடம்பாக்கம் வரை நடந்தே போனோம். வழியெல்லாம் அவர்தான் பேசினார். மறுநாள் இறுதிப் போட்டியில் கால் நகராத நடாலை யூஸ்னி 6-0, 6-1 என்று முடித்துவிட்டார். 'நேற்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்டா, இன்று மிச்சம் என்ன இருக்கும்' என்று சொன்னவர் அவர். அதே மனிதர் ஒரு பூஜ்யத்துக்குக் கீழே 'ஹா ஹா' என்று எழுதியிருக்கிறார். கேட்டால் 'சும்மா விளையாட்டுக்கு' என்கிறார். எனக்கும் விளையாட்டுதானே?

'ஓய்வு பெற்றவருக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து' என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். 2024 நவம்பரில் மலாகாவில் டேவிஸ் கோப்பையில் அவர் கடைசியாக ஆடித் தோற்றதும் கூரைக்குள்தான், கடினத் தரையில்தான். அன்று இரவு அந்த நண்பருக்குத்தான் போன் செய்தேன். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது. சளி என்று சொன்னார்.

அட்டையை அவர் இன்னும் எடுக்கவில்லை. சற்று முன்புதான் பார்த்தேன், 43 சிரிப்பு.