ஒருவர் மறுத்தால் விடுதலையா?

ஒருவர், "ஜூரியில் பன்னிரண்டு பேரில் ஒருத்தர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் குற்றவாளி வெளியே வந்துவிடுவான்" என்று எழுதியிருக்கிறார். ஜூரி என்றால் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு. அவர் எழுதியது தவறு. ஒருமித்த முடிவு கட்டாயமான இடத்தில், குற்றவாளி என்பதற்கு மட்டுமல்ல, குற்றமற்றவர் என்பதற்கும் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் பிடிவாதமாக நின்றால் தீர்ப்பே வராது, அவ்வளவுதான். அப்புறம் அரசுத் தரப்பு புது ஜூரி முன் மறுவிசாரணை கேட்கலாம். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கக்கூடாது என்ற விதி இதற்குத் தடையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1824-லேயே சொல்லிவிட்டது.

எல்லா நாட்டிலும் ஒருமித்த முடிவு கட்டாயமும் இல்லை. இங்கிலாந்தில் 1967 முதல் 10-2 பெரும்பான்மை போதும். ஆனால் நீதிபதி உடனே அதை ஏற்கமாட்டார். குறைந்தது இரண்டு மணி நேரமாவது ஜூரி பேசிப் பார்த்திருக்க வேண்டும். பெரும்பான்மையில் தண்டித்தால், எத்தனை பேர் ஒப்பினார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று ஜூரித் தலைவர் நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டும். விடுதலை என்றால் அந்தக் கணக்கைக் கேட்பதில்லை. எனக்குப் பிடித்த நுணுக்கம் இது: மயிரிழையில் தப்பினார் என்ற பேச்சு வெளியே வந்தவரைத் துரத்தாது.

பன்னிரண்டும் வேதவாக்கு இல்லை. ஸ்காட்லாந்தில் பதினைந்து பேர், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மரண தண்டனை வாய்ப்பில்லாத வழக்குகளுக்கு ஆறே பேர். மறுபக்கம், அதே நாட்டின் லூசியானா, ஓரிகன் மாநிலங்களில் நெடுங்காலம் 10-2 வாக்கில் தண்டனை கொடுத்துவந்தார்கள். 2020-ல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது.